ஆனரரி மாஜிஸ்திரேட்டின் தாடை

தென்காசி பெஞ்சுக் கோர்ட்டின் ஆனரரி மாஜிஸ்திரேட் சங்கரபாண்டி வாயைத் திறந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மூடினால் இன்னொரு 'டக்'.

அவருடைய மனைவி பார்வதியம்மாள் முதலில் அதைப் பல்லி என்றுதான் நினைத்தாள். அவர் இலைக்கு முன்னால் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பார். இவள் பரிமாறிக்கொண்டு நிற்பாள். சத்தம் தெற்கேயிருந்து வரும். தெற்கில் பல்லி சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் தேடிப் பார்த்தாள். நல்ல பலனாகத்தான் போட்டிருந்தது. கொஞ்ச நாள் சந்தோஷமாகவே இருந்தாள். பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. இந்தப் பல்லி இட்லிக்கு மட்டும் சொல்லுகிறதே, மற்ற நேரத்தில் ஏன் மூச்சு விடுவதில்லை?

"ஏங்க, இன்னொரு தரம் மெல்லுங்க."

"என்னத்துக்கு?"

"சும்மா மெல்லுங்களேன்."

டக்.

"அட, பல்லி ஒங்க வாய்க்குள்ளல்லா இருக்கு!"

முன்பென்றால் இதற்குச் சங்கரபாண்டி சிரித்த சிரிப்பில் சாம்பார் மூக்கில் ஏறியிருக்கும். இப்போது அவர் மோவாயைத் தூக்கிக்கொண்டு, "கோர்ட்டார் சாப்பிடும்போது வெளையாட்டுப் பேச்சு வேண்டாம்" என்றார்.

கோர்ட்டார் என்று அவர் சொன்னது தம்மைத்தான்.

சங்கரபாண்டி பிறவியில் இப்படிப்பட்ட ஆசாமி இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் சிரித்தால் அடுப்படியில் இருப்பவர்கள் கரண்டியோடு எட்டிப் பார்ப்பார்கள். கொஞ்சம் நஞ்சை, ஒரு வில்வண்டி, நாலு பேர் மரியாதை என்று சௌக்கியமாக இருந்த மனிதர். சர்க்காருக்கு என்ன தோன்றிற்றோ, அவரை ஆனரரி மாஜிஸ்திரேட் ஆக்கிவிட்டது. சம்பளம் கிடையாது. ஆனால் விளக்கில்லாமல் வண்டி ஓட்டியவனுக்கும், மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிட்டவனுக்கும் அபராதம் போடலாம். வெள்ளித் தகடு பதித்த வாரைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, 'சத்தம் போடாதே' என்று சத்தம் போடுவதற்கு ஒரு டவாலிச் சேவகனும் உண்டு. ஒரு மனிதனைக் கெடுப்பதற்கு இது தாராளம்.

உத்தரவு வந்த கையோடு திருநெல்வேலிக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டார். பார்வதியம்மாளும் கூடப் போயிருந்தாள். கழுத்துவரை பொத்தான் வைத்த கோட்டு, சரிகைத் தலைப்பாகை, கையில் ஒரு புஸ்தகம். அது போட்டோக்காரருடைய புஸ்தகம். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் சங்கரபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படம் பிடிக்கிற கண்ணாடிப் பிளேட்டு ஒன்று வீண். மறுபடி தலையை விட்டார், மறுபடி சிரிப்பு. இன்னொன்றும் வீண். போட்டோக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஐயா, கடைவாய்ப் பல்லை இறுக்கிக் கடிச்சுக்கிடுங்க. மோவாயைத் தூக்குங்க. கழுத்தை அசைக்கப்படாது. மூச்சைக்கூட அப்புறமா விட்டுக்கிடலாம்" என்றார்.

படம் வந்தது. தாடை இரண்டு பக்கமும் கொட்டைப்பாக்கை அதக்கியதுபோலப் புடைத்திருந்தது. கழுத்து உலக்கை மாதிரி நின்றது. கண் யாரையோ ஜெயிலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பார்வதியம்மாளுக்கு அந்த மனிதரைப் பார்த்தால் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த தாசில்தார் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அசல் தொரை மாதிரில்லா இருக்கிய!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

வந்தது வினை. மனிதனைப் போலப் படம் இருக்க வேண்டும் என்பதுதான் உலக வழக்கம். சங்கரபாண்டி அன்றிலிருந்து படத்தைப் போல இருக்கத் தொடங்கினார். முதலில் கோர்ட்டில் மட்டும் அந்த முகம். பிறகு ரத வீதியில். பிறகு வீட்டில், மாட்டுக்குத் தவிடு வைக்கும்போதுகூட. கடைசியில் மத்தியானம் கண் அசரும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கினார். நறநறவென்று அந்தச் சத்தத்தில் பார்வதியம்மாளுக்குத்தான் தூக்கம் போயிற்று.

அப்புறம்தான் 'டக்'. அதற்குப் பின்னால் காதோரம் வலி. பொட்டில் வலி. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் தேரைத் திருப்புவதுபோலத் திருப்பிப் பார்ப்பார். ஊர்க்காரர்கள் அதையும் பதவியின் மிடுக்கு என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பார்வதி, வீடு சுத்துது."

அவள் பயந்து ஓடிவந்து அவரைத் தாங்கிக்கொண்டாள். காரணம் உண்டு. சங்கரபாண்டியின் தகப்பனார் ஒரு நாள் வயலில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. மகனுக்கும் இப்போது ஏறக்குறைய அதே வயது. அதை அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் அதுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தென்காசி வைத்தியர் நாடி பார்த்து, பித்தம் தலைக்கு ஏறிவிட்டது என்றார். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஆடி மாதம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துப் பேரருவியில் தலையைக் கொடுத்தால் பித்தம் சிற்றாற்றோடு போய்விடும் என்பது அவர் கட்சி. சங்கரபாண்டி புறப்பட்டார். மாஜிஸ்திரேட் சும்மா போய்க் குளித்துவிட முடியுமா? டவாலியின் பேர் கடற்கரை; அவன் வாரை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். கோர்ட்டில் டவாலி, கோர்ட்டு இல்லாத நாளில் வண்டிக்காரன். சர்க்காருக்கு இது தெரியாது.

"விலகு, விலகு! கோர்ட்டாரு குளிக்கப் போறாவ!"

"அருவி என்ன ஒங்க கோர்ட்டாரு வெட்டின வாய்க்காலாவே?" என்று எண்ணெய்த் தலையோடு ஒருவர் கேட்டார். கடற்கரை அவருக்கு வழி விட்டுவிட்டான்.

பெண்கள் பக்கத்திலிருந்து பார்வதியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீருக்கு அடியில் போனால் மற்றவர்கள் குனிந்து முதுகைக் கொடுப்பார்கள். கோர்ட்டார் குனிவாரா? மோவாயைத் தூக்கி, பல்லைக் கடித்து, கழுத்தை நிமிர்த்திப் படத்தில் இருப்பதுபோலவே நின்றார். அருவி அவர் பதவியை விசாரிக்கவில்லை. பிடரியில் நேராக இறங்கிற்று. அடுத்த நிமிஷம் மாஜிஸ்திரேட் முன்பின் தெரியாத ஒரு செட்டியாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கரைக்கு வந்த பிறகும் கால் நிலைகொள்ளவில்லை. கடற்கரையின் தோளில் சாய்ந்து தள்ளாடித் தள்ளாடி வண்டிக்கு வந்ததைப் பாதி குற்றாலம் பார்த்தது.

"பகல்லயே இப்படி ஏத்திக்கிடுதாவளே, இவிய குடிகாரனுக்கு அபராதம் வேற போடுதாவளாம்" என்று யாரோ சொன்னது வண்டிக்குள் இருந்த அவள் காதில் விழுந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு சங்கரபாண்டி சாவதற்கு ஆயத்தமாகிவிட்டார். அதையும் சாதாரணமாகச் செய்யவில்லை.

"பார்வதி, இதைக் கேட்டுக்கோ. கோர்ட்டுக்கு ஒரு நாள் லீவு விடணும். தாசில்தார் வந்த பெறகுதான் எடுக்கணும். முன்னால டவாலி போகணும். போட்டோவைப் பெரிசாக்கிக் கோர்ட்டுச் சுவத்துல..."

டக்.

"வாயை மூடுங்க!" என்றாள் அவள். மூடினார். இன்னொரு டக்.

அவள் அடுப்படிக்குள் போய், பருப்புச் சட்டியைக் கிண்டுகிற சாக்கில் அழுதாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனிதர் அவளைச் சிரிக்க வைத்திருக்கிறார், கோபப்பட வைத்திருக்கிறார், ஒரு நாளும் பயப்பட வைத்ததில்லை. இப்படியே பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கடற்கரையைக் கூப்பிட்டாள்.

"ஏலே கடற்கரை, பித்தத்தை விட்டா வேற எதுவும் தெரிஞ்ச ஆளு யாராச்சும் உண்டாலே?"

"ஐந்தருவி ரோட்டுல ஒரு டாக்டரு இருக்காவ அம்மா. தங்கசாமின்னு பேரு. பட்டாளத்துல மெசபடோமியாவரைக்கும் போய் வந்தவிய. ஆனா பென்சன் வாங்கிட்டாவ. 'நோயாளிகளைப் பார்ப்பதில்லை'ன்னு கேட்டுல போர்டே போட்டிருக்கு."

"பூட்டு போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்பம் வண்டியைப் பூட்டு."

டாக்டர் தங்கசாமி தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் படுத்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தார். முழங்கைவரை சாறு வழிந்துகொண்டிருந்தது. வண்டியிலிருந்து தலைப்பாகை இறங்குவதைப் பார்த்ததும், "போர்டைப் படிக்கலையா?" என்று கேட்டார்.

"படிச்சோம் ஐயா. நோயாளியைத்தானே பாக்கமாட்டிய? நாங்க மாஜிஸ்திரேட்டைக் கூட்டியாந்திருக்கோம்" என்றாள் பார்வதியம்மாள்.

தம்மை இப்படி ஒரு பெண்பிள்ளை அறிமுகம் செய்வது முறையில்லை என்று ஆட்சேபிக்கச் சங்கரபாண்டி வாயைத் திறந்தார். டக்.

டாக்டர் மாங்கொட்டையைக் கீழே வைத்தார். "அது என்ன சத்தம்?"

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து, வாயைத் திறக்கச் சொன்னார். மூடச் சொன்னார். தாடையை இடமும் வலமும் அசைக்கச் சொன்னார். கன்னத்துச் சதையை அமுக்கினார்; மாஜிஸ்திரேட் "ஆ" என்றார். பொட்டை அமுக்கினார்; "ஆ". பிடரியை அமுக்கினார்; இந்தத் தடவை "ஆ" வெளித்தெரு வரை கேட்டது. நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார், கோடு போட்ட மாதிரி நடக்கச் சொன்னார். தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது.

பார்வதியம்மாள் தூணோரம் நின்று டாக்டருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இவிய அப்பாவும் தலைசுத்தித்தான்..." என்று இழுத்தாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "அம்மா, இவுகளுக்கு நெஞ்சு நல்லாருக்கு. மூளையிலயும் கோளாறு இருக்கிறதா எனக்குத் தெரியல. இது உசுருக்கு வார சீக்கு இல்ல. பயப்படாதீங்க."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பம் இந்தத் தலைசுத்தலு?" என்று கேட்டார் சங்கரபாண்டி. உயிர் பிழைத்ததில் அவருக்குச் சிறு ஏமாற்றம் இருந்த மாதிரி குரல் இருந்தது.

"காதுக்கு முன்னால ஒரு கீல் இருக்கு, அண்ணாச்சி. கதவுக் கீல் மாதிரி. அதை நீங்க ராப்பகலா இறுக்கிக்கிட்டே இருக்கீங்க. அதுல உள்ள சவ்வு நழுவி நழுவித்தான் இந்தச் சத்தம். தாடைச் சதை இறுகினா கழுத்துச் சதையும் கூட இறுகும். கழுத்து இப்படிக் கட்டையா நின்னா, திரும்பும்போதும் எழுந்திருக்கும்போதும் தலை கிறங்கும். அதுல அருவியை வேற பிடரில வாங்கியிருக்கீங்க. எதுக்காக இப்படிப் பல்லைக் கடிக்கீங்க?"

சங்கரபாண்டி கூரையைப் பார்த்தார்.

"போட்டோ எடுத்ததுல இருந்து, ஐயா" என்றாள் பார்வதியம்மாள். முழுக் கதையையும் சொன்னாள். போட்டோக்காரர், வீணான பிளேட்டு, தாசில்தார், தூக்கத்தில் நறநற, எல்லாவற்றையும். டாக்டர் நடுவில் எழுந்து உள்ளே போய்விட்டு வந்தார். சிரித்துவிட்டு வந்தார் என்பது அவர் கண்ணைத் துடைத்ததில் தெரிந்தது.

ஆனாலும் கெட்டிக்காரர். வந்தவுடன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இது லேசுப்பட்டவங்களுக்கு வராது. மெசபடோமியாவுல எங்க கர்னலுக்கு இதே சீக்கு" என்றார்.

சங்கரபாண்டி நிமிர்ந்தார். "கர்னலுக்கா?"

"ஆமா. அதிகாரம் பண்ணுறவங்க தாடையில வார சீக்கு."

அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதற்கும் மறுப்பே இல்லை. கொட்டைப்பாக்கு, முறுக்கு, கரும்பு கூடாது. குழைந்த சோறு. காதோரத்துக்கும் கழுத்துக்கும் காலையும் மாலையும் தவிட்டு ஒத்தடம். நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டு மெள்ள வாயைத் திறந்து மூட வேண்டும். தலையை அவசரமில்லாமல் இரண்டு பக்கமும் சாய்க்க வேண்டும். உயரமான தலையணை ஆகாது. கோட்டுக் கழுத்துப் பொத்தான் ஆகாது. எழுந்திருக்கும்போது உட்கார்ந்து நிதானித்து எழுந்திருக்க வேண்டும்.

"எல்லாத்தையும்விட இதுதான் முக்கியம். உதடு மூடியிருக்கலாம். பல்லும் பல்லும் தொடப்படாது. சோறு மெல்லும்போது தவிர அதுக ரெண்டும் சந்திக்கிறதுக்கு வேலையே இல்ல. முகம் தொளதொளன்னு இருக்கணும். மாசக்கணக்காகும், ஆனா சரியாகும். பல்லைக் கடிச்சீங்கன்னா ஆகாது. காது கேக்காமப் போறதோ, பேச்சுக் குழறுறதோ, மயக்கம் போட்டு விழறதோ இருந்தா மட்டும் ஒடனே வரணும்."

வண்டி ஏறும்போது அவள் மெதுவாக, "அந்தக் கர்னலுக்குச் சொகமாயிட்டா ஐயா?" என்று கேட்டாள்.

"கர்னலுக்கு என்ன, கல்லு மாதிரி இருந்தாரு. சீக்கு வந்தது அவரோட குதிரைக்காரனுக்கு" என்றார் டாக்டர். "அவன் பொழைச்சான். அதை அண்ணாச்சிகிட்டச் சொல்ல வேண்டாம்."

அடுத்த நாளே தென்காசி முழுவதும் செய்தி பரவிவிட்டது. மாஜிஸ்திரேட்டுக்கு வந்திருப்பது கர்னல் வியாதி. பரப்பியவர் மாஜிஸ்திரேட். வைத்தியத்தைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை. முகத்தைத் தொளதொளவென்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று எந்தக் கோர்ட்டார் வெளியே சொல்லுவார்?

வீட்டில் பார்வதியம்மாள் பார்த்துக்கொண்டாள். வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு அவர் கன்னத்தில் வைப்பாள். அவர் பூனைக்குட்டி மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் பக்கமாகப் போகும்போதும் வரும்போதும் "ஏங்க, பல்லு!" என்பாள். உடனே தாடை இறங்கும். சில நாளில் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாயிற்று. ஒரு நாள் அவள் பின்னால் வந்து நின்றதைத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். அவளுக்குச் சாமி பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் கோர்ட்டு நாள் வந்தால் எல்லாம் பாழ். காலையில் தொளதொளவென்று போகிறவர் சாயங்காலம் தாடை கல்லாகி, தூணைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வருவார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பழைய முகம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அங்கே போய் 'ஏங்க, பல்லு' என்று யார் சொல்வது?

"நீதான் சொல்லணும்லே கடற்கரை" என்றாள்.

"கோர்ட்டுல வச்சு எசமானைப் பாத்துப் பல்லுன்னு சொன்னா, எம் பல்லு என்ன ஆகும் அம்மா?"

"சொல்லாதே. இருமு. அவிய கன்னம் பொடைச்சா ஒரு இருமல். அவ்வளவுதான். யாருட்டயும் மூச்சு விடப்படாது."

சங்கரபாண்டியும் ஒத்துக்கொண்டார். நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றிற்று. அந்த வாரம் குழைந்த சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்க்க அவளே வண்டியில் வந்தாள். கோர்ட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் புளிய மரத்தடியில் வண்டி நின்றது. அங்கிருந்து பார்த்தால் பின் ஜன்னல் வழியாக எல்லாம் தெரியும்.

வழக்கு ஒரு குடத்தைப் பற்றியது. பேச்சித்தாய் என்கிற பெண்பிள்ளை வாய்க்கால் கரையில் வைத்திருந்த குடத்தை, அடுத்த வீட்டு இசக்கியப்பன் எட்டி உதைத்து உடைத்துவிட்டதாகப் பிராது. மூன்று மாஜிஸ்திரேட்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சங்கரபாண்டி, இரண்டு பக்கமும் இருந்தவர்கள் சம்பிரதாயப்படி கண்ணை மூடியிருந்தார்கள்.

இசக்கியப்பன் சொன்னான்: "நான் ஒதைக்கல எசமான். கொடம்தான் உருண்டு வந்து எங் கால்ல மோதிச்சு."

இந்தப் பொய்யைக் கேட்டதும் சங்கரபாண்டியின் தாடை புடைத்தது. கடற்கரை இருமினான். தாடை உடனே இறங்கி, முகம் குழைந்து, சிரிப்பு மாதிரி ஒன்று அதில் வந்தது.

இசக்கியப்பனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "அதுவும் அது முன்னாலயே ஓட்டைக் கொடம் எசமான். நான் அப்பம் ஊருலயே இல்ல."

புடைத்தது. இருமல். குழைந்தது.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சலு வேற."

புடைத்தது. இருமல். மாஜிஸ்திரேட் இசக்கியப்பனைப் பார்த்து மாமன் மகனைப் பார்ப்பதுபோல முகம் மலர்ந்தார்.

பேச்சித்தாய் டவாலியைப் பார்த்தாள், மாஜிஸ்திரேட்டைப் பார்த்தாள், மறுபடியும் டவாலியைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"இந்த டவாலிக்காரருக்கு இசக்கியப்பன் எம்புட்டுக் குடுத்தான்?"

கோர்ட்டில் சலசலப்பு. தூங்கிக்கொண்டிருந்த இரண்டு மாஜிஸ்திரேட்டுகளும் ஒரே சமயத்தில் விழித்தார்கள்.

"ஏட்டி, நான் எப்பம்டி குடுத்தேன்?" என்றான் இசக்கியப்பன். "அப்படி ஒரு வழி உண்டுன்னே எனக்குத் தெரியாதே!"

"பின்ன ஏன் இவன் பொய் சொல்லுதப்பல்லாம் அவரு இருமுதாரு? அவரு இருமினா ஐயா மொகம் ஏன் வெண்ணெயா உருகுது? இத்தனை பேரு பாத்துக்கிட்டுத்தானே இருக்காவ!"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர், "நானும் கணக்கு வச்சேன்" என்றார்கள். வலது பக்கத்து மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். "டவாலியை இப்பவே வேலையை விட்டு நிறுத்தி விசாரிக்கணும். ஏன்டா இருமினே?"

கடற்கரை விட்டத்தைப் பார்த்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். "சளி, எசமான்" என்றான்.

சங்கரபாண்டிக்கு வந்த சங்கடத்தில் தாடை இரண்டு பக்கமும் முடிச்சாகப் புடைத்துக்கொண்டது. கடற்கரை, பாவம், பழக்க தோஷத்தில் இருமிவிட்டான்.

"பாத்தியளா! இப்பமும்!" என்று கத்தினாள் பேச்சித்தாய்.

பார்வதியம்மாள் வண்டியை விட்டு இறங்கி ஜன்னலோரம் வந்துவிட்டாள். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் மோவாயைத் தூக்கி உட்கார்ந்துவிட்டால் போதும், மானம் தப்பிவிடும். கடற்கரைக்குத்தான் வேலை போகும். பிறகு அந்த முகமும், அந்த வலியும், அந்தச் சுற்றலும் அவரோடு இருந்துவிடும். தன் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சங்கரபாண்டி மெள்ளக் கழுத்தைத் திருப்பினார். உடம்பு அசையவில்லை, கழுத்து மட்டும் திரும்பிற்று. ஜன்னலில் அவளைப் பார்த்தார்.

பிறகு தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பேச்சித்தாய், அவன் யார்ட்டயும் ஒண்ணும் வாங்கல. அவன் இருமினது எனக்காக. எனக்குப் பல்லைக் கடிக்குத சீக்கு. தாடைக் கீலு நழுவி, கழுத்துப் பிடிச்சு, தலை சுத்துது. குத்தாலத்துல நான் குடிச்சிட்டு ஆடுதேன்னு சொன்னாவ இல்லா? அது இதான். மொகத்தைத் தொளதொளன்னு வச்சுக்கிடணும்னு டாக்டரு சொல்லியிருக்காவ. நான் மறந்து கடிச்சிட்டா ஞாபகப்படுத்துததுக்கு அவன் இருமுதான். சந்தேகம்னா கேட்டுக்கோ."

வாயை அகலத் திறந்தார். நிசப்தமான கோர்ட்டில் 'டக்' என்று தெளிவாகக் கேட்டது.

பேச்சித்தாய்தான் முதலில் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அட என்ன பெத்த ஐயா, இதை மொதல்லயே சொல்லப்படாதா? எங்க அத்தைக்கும் இதேதான். பொரிகடலையை விட்டா, சொகமாச்சு. ஒத்தடம் குடுக்கியளா?"

"குடுக்காவ" என்றான் கடற்கரை. அடக்கிவைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. "தவிட்டு ஒத்தடம். ரெண்டு நேரம்."

"தவிட்டுல ஒரு கல்லு உப்புப் போடச் சொல்லுங்க, சூடு நிக்கும்" என்றது பின்வரிசை. இடது பக்கத்து மாஜிஸ்திரேட் தமக்கும் ஒரு பக்கம் சத்தம் வருவதாகச் சொல்லி வாயைத் திறந்து காட்டினார், ஒன்றும் வரவில்லை. இசக்கியப்பன் மட்டும் முகம் தொங்கிப்போய் நின்றான்.

"எசமான், அப்பம் நீங்க என்னயப் பாத்துச் சிரிச்சது?"

"அது டாக்டரு சொன்ன சிரிப்புடா. கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஒழுங்கா ஒரு புதுக் கொடம் வாங்கிக் குடு."

"காய்ச்சல்ல கெடந்தவன்ட்ட..."

சங்கரபாண்டிக்கு உள்ளேயிருந்து கிளம்பிவிட்டது. முதலில் தோள் குலுங்கிற்று. பிறகு வயிறு. பிறகு கோர்ட்டாருடைய சிரிப்பு ஓட்டுக் கூரையைத் தாண்டி, புளிய மரத்தைத் தாண்டிப் போயிற்று. அவிழ்த்துக் கட்டியிருந்த மாடுகள் தலையைத் தூக்கின. 'சத்தம் போடாதே' என்று சொல்ல வேண்டிய கடற்கரை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நடுவே ஒரு முறை 'டக்' கேட்டது. யாரும் பொருட்படுத்தவில்லை.

சாயங்காலம் வண்டி ரத வீதி வழியாகத் திரும்பிற்று. குழைந்த சோற்றின் சுகமோ, காற்றின் சுகமோ, மாஜிஸ்திரேட் மனைவியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தலைப்பாகை மடியில் கிடந்தது. தாடை தொளதொளவென்று தொங்கி, வாய் ஆவென்று திறந்திருந்தது. குறட்டை கோபுர வாசல்வரை கேட்டிருக்கும். பல்லோடு பல் படவில்லை.

கடைத்தெருவில் எழுந்து நின்று கும்பிட வந்தவர்கள், கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கடற்கரை வண்டியை மெள்ள ஓட்டிக்கொண்டு திரும்பினான்.

"அம்மா, ஊரே பாக்குது. படுதாவை எறக்கிவிடட்டா?"

பார்வதியம்மாள் அவர் தலை சரிந்துவிடாமல் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்லே. காத்து வரட்டும். நீ பள்ளம் மேடு பாத்து ஓட்டு, முழிச்சா மறுபடியும் வாயை மூடிக்கிடுவாவ."